டிராஃப்ட் பட்டியல்களில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தை இரண்டு வருடமாகத்தான் பார்க்கிறேன். ஏப்ரல் நெருங்கினால் கல்லூரி வீரர்களை அவர்கள் ஆடும் இடம் வாரியாக வரிசைப்படுத்தி ஆளுக்கொரு பட்டியல் போடுகிறார்கள். ஒரே டேக்கிள் (பந்தை எறிபவரைக் காக்கும் லைனின் ஓரத்தில் நிற்பவர்) ஒரு பட்டியலில் மூன்றாவது, இன்னொன்றில் ஒன்பதாவது. எதை வைத்து இப்படிப் போடுகிறார்கள்? எதை நம்பிப் படிப்பது?

பதில்:

மூன்றாவது, ஒன்பதாவது என்ற எண்களை விடுங்கள். எந்த இரண்டு பேருக்கு நடுவில் தரம் சட்டென்று இறங்குகிறது என்று தேடுங்கள். சுருக்கமாகச் சொன்னால் என் பதில் இவ்வளவுதான். பதினைந்து வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு நோட்டு எடுத்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எனக்கென்று இந்தப் பட்டியலைப் போட்டு வருகிறேன். சரியாக வந்ததும் உண்டு, அடியோடு தப்பியதும் உண்டு. இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். அவை கல்லூரி வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட், ஏழு சுற்று. போன சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை, சாம்பியனுக்கு சுற்றின் கடைசி முறை. ஐபிஎல் ஏலம் மாதிரி யாரும் விலை கேட்பதில்லை. உங்கள் முறை வரும்போது மிச்சமிருப்பவர்களில் ஒருவரை எடுக்கலாம், இல்லையென்றால் அந்த முறையை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக வேறு முறைகளை வாங்கிக்கொள்ளலாம். 2025-ல் கிரீன் பேயில் மூன்று நாள் நடந்த டிராஃப்டில் 257 பேர் தேர்வானார்கள்.

இதற்காக ஒவ்வொரு அணியும் இரண்டு விதமான பட்டியல் வைத்திருக்கும். ஒன்று இடம் வாரியானது: இந்த வருடக் கார்னர்பேக்குகளில் (பந்து பிடிக்க ஓடுபவரைக் காவல் காப்பவர்கள்) யார் முதல், யார் இரண்டாவது என்பது. மற்றொன்று எல்லா இடத்தவரையும் கலந்து ஒரே வரிசையில் நிறுத்துவது. அதை போர்டு என்பார்கள். முதல் பட்டியல் ஆளின் திறமையை மட்டும் பார்க்கிறது. போர்டு திறமையோடு அந்த இடத்துக்கு என்ன விலை என்பதையும் பார்க்கிறது. ‘நாலாவது கார்னர்பேக்கை எடுத்தவர்கள் ஏன் முதல் சேஃப்டியை (தற்காப்பின் கடைசி வரிசையில் நிற்பவர்) எடுக்கவில்லை’ என்கிற மாதிரி சண்டைகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

இப்போது உங்கள் டேக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். என் நோட்டில் ஒரு இடத்துக்கு உரியவர்களை வரிசையாக எழுதி முடித்ததும், பென்சிலால் குறுக்குக் கோடு போடுவேன். கோட்டுக்கு மேலே இருப்பவர்களில் யார் கிடைத்தாலும் எனக்குச் சம்மதம். கோட்டைத் தாண்டினால் ஆளின் தரமே வேறு. அணிகளுக்காக வீரர்களைப் பார்த்து எடைபோடும் ஸ்கவுட்கள் இதை டியர் என்பார்கள், நான் படி என்று எழுதிக்கொள்கிறேன். ஒரு வருடம் டேக்கிள்களில் முதல் படியில் இரண்டு பேர், இரண்டாவது படியில் ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மூன்றாவதும் ஒன்பதாவதும் ஒரே படி. ஒருவர் அவரை மூன்றாவதாகவும் மற்றொருவர் ஒன்பதாவதாகவும் போட்டால், இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே கருத்தைத்தான் சொல்கிறார்கள். அதே ஆளை ஒருவர் இரண்டாவதாகவும் மற்றவர் மூன்றாவதாகவும் போட்டால்தான் உண்மையான கருத்து வேறுபாடு. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் நடுவில் கோடு இருக்கிறது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2017-ல் பொருளாதார நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மேஸ்ஸியும் பல வருட டிராஃப்ட் கணக்குகளை எடுத்து ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு இடத்தில் முதலில் எடுக்கப்பட்டவர், அதே இடத்தில் அவருக்கு அடுத்ததாக எடுக்கப்பட்டவரை விடச் சிறப்பாக ஆடுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? பாதிக்குச் சற்றுதான் மேல் என்று வந்தது. கிட்டத்தட்ட காசு சுண்டிப் பார்ப்பது மாதிரி. முழு நேரமும் இதே வேலையாக இருக்கும் 32 அணிகளுக்கே அடுத்தடுத்த இரண்டு பேரைப் பிரித்துப் பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்றால், பட்டியலில் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நாம் ரொம்பவும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஆனால் ‘அப்படியானால் பட்டியலே வீண்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டாம் பிரேடி 2000-ல் 199-வது ஆள், பிராக் பர்டி 2022-ல் கடைசி ஆளாக 262-வது என்று உடனே உதாரணம் காட்டுவார்கள். இரண்டும் உண்மை. ஆனாலும் முதல் சுற்றில் போனவர்களையும் ஆறாம் சுற்றில் போனவர்களையும் கூட்டமாக ஒப்பிட்டால் முதல் சுற்றுக்காரர்கள்தான் அதிகம் தேறுகிறார்கள். பெரிய வித்தியாசங்கள் பட்டியலில் சரியாகவே பிடிபடுகின்றன. பிடிபடாதது சின்ன வித்தியாசங்கள்தான்.

ஒவ்வொரு இடத்தையும் எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்பது அடுத்தது. இங்கேதான் எனக்கு ஆர்வம் அதிகம். எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு இடமும் ஆளிடம் ஒரு தனிக் கேள்வி கேட்கிறது.

பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கிடம் கேட்கும் கேள்வி: முதலில் பார்த்த ஆள் அடைபட்டுவிட்டார், எதிரணிக்காரன் ஓர் எட்டில் வந்துவிட்டான், இப்போது என்ன செய்வாய்? கல்லூரி ஆட்டத்தில் பல அணிகள் குவாட்டர்பேக்குக்கு எளிதான எறிதல்களைத் தட்டில் வைத்துக் கொடுக்கின்றன. அவற்றைப் பார்த்து ஒன்றும் தெரியாது. நான் மூன்றாவது டவுன் (பத்து கஜம் முன்னேற அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), எட்டு கஜத்துக்கு மேல் தேவை என்கிற தருணங்களை மட்டும் பொறுக்கிப் பார்ப்பேன். அப்போது பந்தைப் பார்க்க மாட்டேன், அவருடைய தலைக்கவசத்தைப் பார்ப்பேன். நெருக்கடி வரும்போது அது கீழே தாழ்ந்து, வருகிறவனைப் பார்க்கிறதா, இல்லை நிமிர்ந்தபடியே தூரத்தில் அடுத்த ஆளைத் தேடுகிறதா? அதைத்தான் குறித்துக்கொள்வேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு 2018-ஐச் சொல்லாமல் விட முடியாது. அந்த வருடம் ஐந்து குவாட்டர்பேக்குகள் முதல் சுற்றில் போனார்கள்: பேக்கர் மேஃபீல்டு முதலாவதாக, சாம் டார்னல்டு 3, ஜாஷ் ஆலன் 7, ஜாஷ் ரோசன் 10, லமார் ஜாக்சன் 32. என் நோட்டில் ரோசன் முதலில், ஆலன் ஐந்தாவது. ரோசனின் காலடிகள் அவ்வளவு சுத்தம், எறிவது பார்க்கவே அழகு. ஆலன் வயோமிங் பல்கலைக்கழகத்தில் எறிந்ததில் 56 சதவீதம்தான் ஆள் கையில் சேர்ந்தது. என்.எஃப்.எல்.-இல் அது மேலும் குறையத்தான் செய்யும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அரிசோனா 2019-ல் கைலர் மரேயை முதலாவதாக எடுத்து, ரோசனை ஒரே வருடத்தில் மயாமிக்கு அனுப்பிவிட்டது. ஆலன் எறியும் முறையையே திருத்திக்கொண்டு 2020-ல் 69 சதவீதத்தைத் தொட்டார். 2024 சீசனின் எம்.வி.பி. (ஆண்டின் மிகச் சிறந்த வீரர்) அவர்தான். 2016-ல் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கிய ஜாக்சனை ‘ரிசீவராக (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) மாறச் சொல்லுங்கள்’ என்றுகூடச் சிலர் பேசினார்கள். பால்டிமோர் தன் தாக்குதல் முறை முழுவதையும் அவருக்காக மாற்றி அமைத்தது. 2019-லும் 2023-லும் எம்.வி.பி. ஆனார்.

இதைப் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ரோசனைப் பற்றி நோட்டில் எழுதி வைத்ததில் இன்றும் தவறு தெரியவில்லை, அவருடைய கால்கள் சுத்தமாகத்தான் இருந்தன. நான் கணக்கில் எடுக்காதது இரண்டு. ஒருவர் இன்று எப்படி ஆடுகிறார் என்பதைப் பட்டியல் காட்டும், இனி எவ்வளவு கற்றுக்கொள்வார் என்பதைக் காட்டாது. அப்புறம், எந்த அணி எடுக்கப்போகிறது என்பது பட்டியல் போடும் நாளில் யாருக்கும் தெரியாது. குவாட்டர்பேக்குக்கு இது பாதி விதி. டார்னல்டையே பாருங்கள். ஜெட்ஸ் அணியில் மூன்று வருடம் தத்தளித்தவர், அப்புறம் 2024-ல் மின்னசோட்டாவில் 14 வெற்றி பெற்ற அணியின் குவாட்டர்பேக்.

டேக்கிளுக்கு வருவோம். நீங்கள் கேட்டதே அதுதான். டேக்கிள் ஆடும்போது பந்தை மறந்துவிட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள். இடது டேக்கிள் குனிந்து நிற்கிறார். பந்து நகர்ந்ததும் இடது காலைப் பின்னால் தள்ளி வைக்கிறார், வலது கால் தரையை உரசிக்கொண்டு கூடவே வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று அடி. அதற்குள் எதிரில் ஓடிவருபவர் வளைந்து வெளிப்பக்கமாகச் சுற்றப் பார்ப்பார். மூன்றாவது அடியிலும் டேக்கிளின் இடுப்பு தாழ்ந்து, தோள் இரண்டும் முன்னால் பார்த்தபடி இருந்தால் சரி. அவசரத்தில் இடுப்பு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் உள்பக்கம் கதவு திறந்தாகிவிட்டது. நல்ல எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்) அதற்காகத்தான் காத்திருப்பார், ஒரே எட்டில் உள்ளே புகுந்துவிடுவார். மொத்தம் இரண்டரை வினாடி. முப்பது தடவை இப்படிப் பொறுமையாகப் பார்த்தால் அந்த டேக்கிள் எந்தப் படி என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அதற்குமேல் அளவு. டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்க இன்டியானபோலிஸில் நடக்கும் கம்பைனுக்கு முந்நூறுக்கு மேற்பட்ட வீரர்கள் வருவார்கள். தோள் முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை கை நீளத்தை அளப்பார்கள். டேக்கிளுக்கு 33 அங்குலமாவது வேண்டும் என்பது பல அணிகளில் எழுதாத சட்டம். கை குட்டையாக இருந்தால் எதிராளியின் கை முதலில் நெஞ்சில் பட்டுவிடும், அப்புறம் எவ்வளவு பலம் இருந்தாலும் பின்வாங்கத்தான் வேண்டும். 2025-ல் எல்.எஸ்.யு.-வின் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வில் கேம்பலுக்கு 32 அங்குலமும் எட்டில் ஐந்து பங்கும் வந்தது. உடனே ‘இவர் கார்டு (லைனில் டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்பவர்) ஆடத்தான் லாயக்கு’ என்று பலர் அவரை டேக்கிள் பட்டியலிலிருந்து எடுத்து கார்டு பட்டியலில் வைத்தார்கள். நியூ இங்கிலாந்து நான்காவதாக எடுத்து இடது டேக்கிளாகவே நிறுத்தியது. பட்டியலுக்குப் பட்டியல் ஒருவர் எண் இப்படித் துள்ளுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் எந்த இடத்தில் ஆடுவார் என்பதிலேயே சிலர் வேறுபடுகிறார்கள்.

குவாட்டர்பேக்கின் உள்ளங்கையையும் அளப்பார்கள். கையை விரித்து கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, நம் சாண் அளவேதான். 2022-ல் கென்னி பிக்கெட்டின் சாண் எட்டரை அங்குலம் என்று வந்ததும் மழையில் பந்து நழுவுமே என்று ஒரு வாரம் அதையே பேசினார்கள். பிட்ஸ்பர்க் 20-வதாக எடுத்தது, அந்த வருடம் முதல் சுற்றில் போன ஒரே குவாட்டர்பேக் அவர். என்னைக் கேட்டால் கை நீளம் டேக்கிளுக்கு உண்மையிலேயே முக்கியம், சாண் அளவு குவாட்டர்பேக்குக்கு அவ்வளவு இல்லை. ஜோ பர்ரோவின் சாண் ஒன்பது அங்குலம்தான். அதுவும் சிறியது என்றார்கள். 2020-ல் முதலாவதாகப் போனவர் அவர்.

வைட் ரிசீவர்களில்தான் வேகம் ஆளை ஏமாற்றும். 2017 கம்பைனில் ஜான் ராஸ் 40 கஜத்தை 4.22 வினாடியில் ஓடினார், அன்றைக்கு அது சாதனை. சின்சினாட்டி ஒன்பதாவதாக எடுத்தது. அவர் என்.எஃப்.எல். வாழ்க்கை முழுவதும் சேர்த்து ஆயிரம் கஜத்தைத் தொடவில்லை. அதே கம்பைனில் கூப்பர் கப் என்பவர் 4.62-ல் ஓடினார், 69-வதாகப் போனார். 2021 சீசனில் அவர் பிடித்தது 145 பந்து, 1,947 கஜம். அதே சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் சிறந்த வீரரும் அவரே. ரிசீவரிடம் கேட்க வேண்டியது ‘எவ்வளவு வேகம்’ என்பதை விட, ‘ஓடிக்கொண்டே எவ்வளவு சீக்கிரம் நிற்க முடியும்’ என்பது. முழு வேகத்தில் போகிறவர் மூன்று அடியில் நின்று திரும்பினால், கூட ஓடும் கார்னர்பேக் இரண்டு கஜம் தாண்டிப் போயிருப்பார். அந்த இரண்டு கஜத்தில்தான் பந்து வந்து சேர்கிறது.

இன்னொரு சிக்கல், கல்லூரியில் எந்த வேலை கொடுத்தார்கள் என்பது. ஜஸ்டின் ஜெஃபர்சன் 2019-ல் எல்.எஸ்.யு.-வுக்காக 111 பந்து பிடித்தார், ஆனால் பெரும்பாலும் உள்பக்க ஸ்லாட்டில் நின்று. வெளிப்பக்கம் நின்று நெருக்கமான காவலை உடைப்பாரா என்று பலருக்கும் சந்தேகம். 2020-ல் பிலடெல்பியா 21-வதாக ஜேலன் ரீகரை எடுத்தது, அடுத்த முறையே மின்னசோட்டா ஜெஃபர்சனை எடுத்தது. கொடுக்காத வேலையைச் செய்து காட்டவில்லை என்று ஒருவரைக் கீழே இறக்குவது ஆபத்து. அதற்குப் பிறகு என் நோட்டில் ‘பார்க்கவில்லை’ என்பதையும் ‘முடியவில்லை’ என்பதையும் தனித்தனியாக எழுதுகிறேன்.

தற்காப்பு லைனின் நடுவில் நிற்கும் தற்காப்பு டேக்கிளில் ஆரோன் டொனால்டைச் சொல்லியே ஆக வேண்டும். பிட் பல்கலைக்கழகத்தில் 2013 சீசனில் எதிராளிகளை ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே 28.5 தடவை மடக்கினார், 11 சாக் (எறிவதற்கு முன்பே குவாட்டர்பேக்கை மடக்குவது). ஜார்ஜியா டெக் அணிக்கு எதிரே ஒரு ஆட்டம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். குவாட்டர்பேக் பந்தை ஓட்டக்காரர் வயிற்றில் வைத்து, கொடுப்பதா இழுத்துக்கொள்வதா என்று யோசிக்கும் அந்த நொடியிலேயே டொனால்டு வந்து இருவரையும் ஒரே அணைப்பில் சேர்த்துக் கீழே தள்ளுகிறார். பந்து யாரிடம் இருந்தது என்ற கேள்வியே எழவில்லை. இத்தனைக்கும் பல பட்டியல்களில் அவர் கீழே இருந்தார். உயரம் 6 அடி 1 அங்குலத்துக்கும் ஒரு நூல் குறைவு, எடை 285 பவுண்டு. அந்த இடத்துக்குச் சிறிய உடம்பு. 13-வதாகப் போனார், மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் ஆனார். கம்பைனில் அவர் 40 கஜத்தை 4.68-ல் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். அந்த எடைக்கு அது நம்ப முடியாத வேகம். ஆட்டப் பதிவும் சொன்னது, கடிகாரமும் சொன்னது, உயரம் மட்டும் வேண்டாம் என்றது. மூன்றில் இரண்டு ஒரே பக்கம் நின்றால் நான் அந்தப் பக்கம் போவேன்.

எட்ஜ் ரஷரில் இதற்கு நேர்மாறான வாக்குவாதம் 2022-ல் நடந்தது. மிச்சிகனின் ஏடன் ஹட்சின்சன் கடைசி சீசனில் 14 சாக் எடுத்தவர். ஜார்ஜியாவின் டிரேவான் வாக்கர் மூன்று வருடத்தில் 9.5தான். ஆனால் வாக்கரின் உடலமைப்பும் வேகமும் அபூர்வம். ஜாக்சன்வில் வாக்கரை முதலாவதாக எடுத்தது, டெட்ராய்ட் இரண்டாவதாக ஹட்சின்சனை. நான் ஹட்சின்சன் பக்கம் இருந்தேன், இன்றும் அதே பக்கம்தான். ஆனாலும் வாக்கர் 2023-லும் 2024-லும் பத்துக்குக் குறையாமல் சாக் எடுத்தார். இருவரும் ஒரே படி என்று எழுதியிருக்க வேண்டும்.

டைட் எண்ட் (தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்), சேஃப்டி, லைன்பேக்கர் (தற்காப்பு லைனுக்குப் பின்னால் நிற்பவர்) பட்டியல்களை நான் வேகமாகப் புரட்டிவிடுவேன். அங்கே நல்லவர்கள் இரண்டாம், மூன்றாம் சுற்றிலும் கிடைக்கிறார்கள்: டிராவிஸ் கெல்சி 63, பாபி வாக்னர் 47, ஃப்ரெட் வார்னர் 70. கிக்கரைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. டாம்பா பே 2016-ல் முன்னேறி வந்து இரண்டாம் சுற்றில் 59-வதாக ராபர்ட்டோ அக்வாயோவை எடுத்தது, அடுத்த வருடமே விடுவித்தது. பல வருடம் உலகின் மிகத் துல்லியமான கிக்கராக இருந்த ஜஸ்டின் டக்கரை 2012-ல் யாருமே டிராஃப்டில் எடுக்கவில்லை.

சரி, இடம் வாரியான பட்டியல் முடிந்தது. அதை போர்டாக மாற்றும்போது பணம் உள்ளே வருகிறது. அணிகளும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதிய வீரரின் சம்பளத்தை அவர் எத்தனையாவதாகத் தேர்வானார் என்பதே தீர்மானிக்கிறது, எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதல்ல. அதற்கு முந்தைய வருடம் முதலாவதாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர். 2011-ல் முதலாவதாகப் போன கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. இந்தக் குறைந்த சம்பளத்தில் ஒரு நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால் அணிக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். சந்தையில் அந்த இடத்துக்கு விலை 2024-ல் டாக் பிரெஸ்காட் வாங்கிய வருடத்துக்கு 6 கோடி. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கோ, 2025-ல் சக்வான் பார்க்லி வாங்கிய 2 கோடிக்குச் சற்று மேல் என்பதுதான் அப்போதைய உச்சம். அதனால்தான் போர்டில் நான்காவது குவாட்டர்பேக் முதல் ரன்னிங் பேக்கைத் தாண்டிப் போகிறார். 2024-ல் முதல் 12 முறைக்குள் ஆறு குவாட்டர்பேக்குகள் போனார்கள். 2013-லும் 2014-லும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கூட இல்லை.

ரன்னிங் பேக் விஷயத்தில் இந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்வதும் சரியில்லை. பார்க்லி 2018-ல் ஜயண்ட்ஸுக்கு இரண்டாவதாகப் போனார். ஆளில் குறையே இல்லை, முன்னால் வழி திறந்துவிடும் லைன்தான் இல்லை. 2024-ல் பிலடெல்பியாவின் லைனுக்குப் பின்னால் அதே ஆள் 2,005 கஜம் ஓடி சூப்பர் பௌலும் வென்றார். 2025-ல் லாஸ் வேகாஸ் ஆறாவதாக எடுத்த ஆஷ்டன் ஜென்டி, அதற்கு முந்தைய சீசனில் பாய்சி ஸ்டேட்டுக்காக ஓடியது 2,601 கஜம். 1988-ல் பாரி சாண்டர்ஸ் ஓடிய 2,628-க்கு 27 கஜம்தான் குறைவு. இப்படிப்பட்டவர் தன் இடத்தில் தனிப் படி. அவரை எடுப்பதா என்பதை நான் அந்த அணியின் லைனைப் பார்த்துத்தான் சொல்வேன்.

டிராவிஸ் ஹன்டர் வந்தபோது எல்லாப் பட்டியலும் திணறியது. 2024-ல் கொலராடோவுக்காக ரிசீவராக 96 பந்து பிடித்தார், அதே சீசனில் கார்னர்பேக்காக நான்கு இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது). எந்தப் பக்கத்தில் எழுதுவது? நான் இரண்டு பக்கத்திலும் எழுதினேன், இரண்டிலும் முதல் படியில். ஜாக்சன்வில் அடுத்த வருட முதல் சுற்று முறையையும் சேர்த்துக் கொடுத்து ஐந்திலிருந்து இரண்டுக்கு ஏறி அவரை எடுத்தது.

வெளியிலிருந்து பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியாதவையும் உண்டு, அதில் முதலாவது உடல்நிலை. கம்பைன் என்பதே முதலில் எல்லா அணி மருத்துவர்களும் ஒரே இடத்தில் வீரர்களைப் பரிசோதிக்க வேண்டும் என்றுதான் உருவானது, ஓட்டமும் தாண்டலும் அதோடு சேர்ந்து வந்தவை. அந்த மருத்துவக் குறிப்புகள் நமக்குக் கிடைக்காது. 2016 புத்தாண்டு நாள் ஆட்டத்தில் நோட்டர் டேமின் லைன்பேக்கர் ஜேலன் ஸ்மித்துக்கு முழங்காலில் தசைநாரோடு நரம்பும் பாதித்தது. முதல் ஐந்துக்குள் போக வேண்டியவரை டல்லஸ் 34-வதாக எடுத்தது. அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் டல்லஸ் அணியின் மருத்துவர். மற்ற 31 அணிகளுக்கும் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அணிகள் வீரர்களோடு நடத்தும் நேர்காணல்களும் அப்படித்தான், உள்ளே நடந்தது நமக்குத் தெரியாது. 2025-ல் பல பட்டியல்களில் ஷெடூர் சாண்டர்ஸ் முதல் அல்லது இரண்டாவது குவாட்டர்பேக். டிராஃப்டில் அவர் ஆறாவது குவாட்டர்பேக்காக, ஐந்தாம் சுற்றில் 144-வதாகப் போனார். வெளிப் பட்டியல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தாலும் அணிகளின் உள் பட்டியல் வேறாக இருக்கலாம். அதே வருடம் 40-வதாகப் போன டைலர் ஷஃப்புக்கு அப்போது வயது 25. வயதையும் நான் குறித்துக்கொள்வேன். 25 வயதுக்காரர் 19 வயதுப் பையன்களுக்கு எதிரே ஜொலிப்பதைப் பாதி மதிப்பெண்ணாகத்தான் எடுக்க வேண்டும். 2021-க்குப் பிறகு கல்லூரியிலேயே பணம் சம்பாதிக்கலாம் என்று ஆனதிலிருந்து இப்படி வயது கூடி வருபவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

தன் பட்டியலை ஓர் அணி கடைசிவரை நம்பியதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை 1996. கிளீவ்லாந்திலிருந்து பால்டிமோருக்குக் குடிவந்த அணிக்கு அது முதல் டிராஃப்ட், நான்காவது முறை. அணிக்கு ரன்னிங் பேக் தேவை, உரிமையாளர் நெப்ராஸ்காவின் லாரன்ஸ் பிலிப்ஸை விரும்பினார். இடது டேக்கிளாக டோனி ஜோன்ஸ் ஏற்கெனவே இருந்தார். ஆனால் அணியின் ஆள் தேர்வுக்குப் பொறுப்பாக இருந்த ஆசி நியூசம் வைத்திருந்த போர்டில் மேலே நின்றது ஜானதன் ஆக்டன் என்ற டேக்கிள். அவரைத்தான் எடுத்தார்கள். இடம் காலியில்லாததால் முதல் வருடம் ஆக்டன் கார்டாக ஆடினார். அப்புறம் பல வருடம் இடது டேக்கிள், 2013-ல் ஹால் ஆஃப் ஃபேம். பிலிப்ஸ் ஆறாவதாக செயின்ட் லூயிஸுக்குப் போனார், இரண்டாவது சீசன் நடுவிலேயே விடுவிக்கப்பட்டார். அன்று 26-வது முறையில் பால்டிமோர் எடுத்த லைன்பேக்கர் ரே லூயிஸ்.

இந்த ஏப்ரலுக்கு நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். எல்லா இடத்தையும் தொடாதீர்கள், டேக்கிளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருடைய பட்டியல்களைப் பக்கத்தில் வைத்து, மூவரும் எங்கே ஒரே மாதிரி இறங்குகிறார்கள் என்று பார்த்து அங்கே ஒரு கோடு போடுங்கள். அப்புறம் கோட்டுக்கு மேலே கடைசியாக இருப்பவரையும் கீழே முதலாக இருப்பவரையும் ஆளுக்கு முப்பது தடவை பாருங்கள், அந்த மூன்று அடிகளை மட்டும். டிராஃப்ட் இரவு வரும்போது, கோட்டுக்கு மேலே ஒரே ஒரு டேக்கிள் மிச்சம் என்ற நிலை வந்தால் கவனியுங்கள். பின்னால் இருக்கிற ஏதாவது ஓர் அணி அப்போதுதான் போனை எடுத்து, முன்னால் ஏறி வரப் பேரம் பேசும்.